குதிரையை ஈந்த ஆயரின் கடற்கரை

இங்கிலாந்து நாட்டின் வடகிழக்கே, டைன் ஆறு வடகடலில் கலக்கும் முகத்துவாரத்திலிருந்து ஸ்காத்லாந்தின் எல்லைவரை நீண்டு கிடப்பது நார்தம்பர்லாந்துக் கடற்கரை. அந்நாட்டைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இலண்டன் மாநகரைக் கண்டபின் விரைவு ரயிலேறி எடின்பரோ சென்றுவிடுவர். வழியில் ரயிலின் சாளரத்தில் சில நிமிடங்கள் தோன்றி மறையும் நீலக் கோடே அவர்கள் காணும் நார்தம்பர்லாந்து. திருச்சபை வரலாற்றைக் கற்றவர்க்கோ அது புண்ணிய பூமி. வட இங்கிலாந்தின் மக்களுக்கு நற்செய்தி அக்கரையிலிருந்தே பரவிற்று. அதுவும் கால்நடையாகச் சென்று பரவிற்று.

2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம், டைன் ஆற்றின் தென்கரையில் ஒரு பங்கில், விடுப்பில் சென்ற குருவானவர்க்குப் பதிலாகச் சில வாரம் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இடையே நான்கு நாள் ஓய்வும் வாய்த்தது. பங்கு மக்களுள் ஒருவர் தம் மிதிவண்டியை இரவல் தந்தார். மாற்றுடை, கட்டளைச் செப நூல், மழை அங்கி, ஒட்டுப்போடும் கருவிகள் ஆகியவற்றைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளில் அடைத்துக்கொண்டு தனியே புறப்பட்டோம். நாம் என்று எழுதுவது எழுத்து மரபு. சென்றது ஒற்றை ஆளே.

"காரில் சென்றால் அரை நாளில் பார்த்துவிடலாமே, ஐம்பதைக் கடந்த வயதில் இந்தப் பாடு எதற்கு?" என்று வினவினோர் உண்டு. அவர்களுக்கு உரிய விடை, அக்கரையின் முதல் ஆயரிடமே இருக்கிறது.

ஆற்றுக்கு அடியில்

ஜாரோ என்னும் ஊரில் பயணத்தைத் தொடங்கினோம். அங்கே புனித சின்னப்பர் ஆலயம் உளது. கி.பி. 685 ஏப்ரல் 23 ஆம் நாள் அது அர்ச்சிக்கப்பட்டதென இலத்தீன் மொழியில் பொறித்த கல் இன்றும் அவ்வாலயத்துள் காணப்படுகிறது. ஏழு வயதில் துறவியரிடம் ஒப்படைக்கப்பட்ட பீட் என்னும் சிறுவன், இவ்வாலயத்தைச் சார்ந்த மடத்தில் வளர்ந்து, கற்று, கற்பித்து, 731 ஆம் ஆண்டில் ஆங்கில மக்களின் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்தார். 735 இல் இறைவனடி சேர்ந்த அவரை 1899 இல் திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர் திருச்சபையின் மறைவல்லுநர் வரிசையில் சேர்த்தார். மடத்தைவிட்டு அதிகம் வெளியே செல்லாத இப்புனிதர்தாம், ஊர் ஊராக நடந்த எய்டன் என்னும் ஆயரைப் பற்றி நமக்கு எழுதிவைத்தவர்.

ஜாரோவில் டைன் ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை; ஆற்றின் அடியில் சுரங்கப் பாதை உண்டு. மிதிவண்டியினர்க்கு ஒரு குழாயும் நடப்போர்க்கு ஒரு குழாயுமாக, ஏறத்தாழ 270 மீட்டர் நீளத்தில், 1951 இல் திறக்கப்பட்டது. கப்பல் கட்டும் துறைகளிலும் ஆலைகளிலும் உழைத்த தொழிலாளர் இரு கரைக்கும் சென்றுவர அமைத்த வழி அது. காலை வேளையில் அதன் வழியே வடகரையை அடைந்து, கடல் நோக்கி மிதித்தோம். நாட்டின் முதலாம் எண் மிதிவண்டிப் பாதை அங்கிருந்து கரையோரமாகவே வடக்கே செல்கிறது. நீலப் பலகையில் மிதிவண்டிச் சின்னமும், சிவப்புக் கட்டத்துள் 1 என்னும் எண்ணும் நமக்கு நான்கு நாளும் வழிகாட்டின.

அரசனும் ஆயரும்

முகத்துவாரத்தின் பாறைமேல் டைன்மவுத் மடத்தின் இடிந்த சுவர்கள் நிற்கின்றன. ஓஸ்வின் என்னும் அரசர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பது மரபு. இவரைப் பற்றியும் எய்டனைப் பற்றியும் பீட் தரும் வரலாறு ஒன்று உண்டு.

ஆயர் எய்டன் எங்கும் நடந்தே செல்வார். தவிர்க்கவியலாத தேவை நேர்ந்தாலன்றிக் குதிரை ஏறமாட்டார். ஆறுகளைக் கடக்கவேனும் உதவட்டும் என்று ஓஸ்வின் அரசர் சிறந்த குதிரை ஒன்றை, அரச அணிகள் பூட்டி, அவருக்குக் கொடுத்தார். சில நாளில் வழியில் ஓர் ஏழை கை நீட்டினான். ஆயர் இறங்கினார், பூட்டிய அணிகளுடன் குதிரையை அவனிடம் கொடுத்துவிட்டார். செய்தி அறிந்த அரசர் விருந்துக்கு அமரும் முன் மனம் வருந்திக் கேட்டார். பெண்குதிரை ஈன்ற குட்டியைக் காட்டிலும் கடவுளின் பிள்ளையாகிய அந்த மனிதன் உமக்கு மலிந்துபோனானோ என்னும் பொருள்பட ஆயர் மறுமொழி கூறினார். வேட்டையிலிருந்து திரும்பி நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த அரசர் சற்றே சிந்தித்தார். உடைவாளைக் கழற்றிவிட்டு ஆயரின் காலடியில் வீழ்ந்து மன்னிப்பு வேண்டினார். இத்தனை தாழ்மையுள்ள அரசன் நெடுநாள் வாழான் என்று ஆயர் கண்ணீர் விட்டார். அவ்வாறே 651 இல் ஓஸ்வின் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். பன்னிரண்டாம் நாள் எய்டனும் உயிர் நீத்தார்.

குதிரை தந்த அரசனின் கல்லறையிலிருந்து, அதனை ஈந்த ஆயரின் தீவு வரை என்று நம் வழியை வகுத்துக்கொண்டோம். நான்கு நாளில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். தென்மேற்குக் காற்று முதுகைத் தாங்கித் தள்ளிற்று.

இருளில் பெயர் சொல்வோர்

டைன்மவுத்துக்கு வடக்கே கடல் அழகாயினும் நிலம் கரி படிந்த நிலம். பாதையைவிட்டுச் சற்றே உள்ளே திரும்பினால் நியூ ஹார்ட்லி என்னும் சிற்றூர் வரும். 1862 ஜனவரி 16 ஆம் நாள் அவ்வூர்ச் சுரங்கத்தில், நீர் இறைக்கும் இயந்திரத்தின் பெரும் இரும்பு உத்தரம் முறிந்து சுரங்க வாயிலுக்குள் வீழ்ந்தது. உள்ளே செல்லவும் வெளியே வரவும் இருந்த வழி அந்த ஒன்றே. ஆடவரும் சிறுவருமாக 204 பேர் மாண்டனர். ஒரே வீட்டில் தந்தையும் மக்களும் சேர்ந்து இறந்தது உண்டு. அடைபட்ட நிலையில் அவர்கள் ஒன்றுகூடிச் செபித்ததாக, மாண்ட ஒருவரின் குறிப்பில் பின்னர்க் கண்டனர். சுரங்கம் ஒவ்வொன்றுக்கும் இரு வழி இருத்தல் வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டே பிறந்தது. நினைவுத் தோட்டத்தில் நின்று இறந்தோர்க்கான செபத்தைச் சொல்லிவிட்டு மீண்டும் கரைப்பாதைக்கு வந்தோம்.

பிளைத் துறைமுகத்தைக் கடந்து, மாலையில் நியூபிகின் என்னும் ஊரை அடைந்தோம். குடாவின் நடுவே அலைதாங்கிச் சுவரின்மேல், ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு பேருருவங்கள் கடலை நோக்கி நிற்கின்றன. 2007 இல் நிறுவப்பட்டவை. அவற்றைப் பார்த்தவாறு கரையோர இருக்கையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வண்டியைச் சாய்த்துவிட்டு அருகே அமர்ந்தோம். கழுத்துப்பட்டையைக் கண்டு, "சுவாமியா?" என்று கேட்டார். ஆம் என்றதும் தொப்பியை எடுத்தார்.

அவருடைய முப்பாட்டனார் அயர்லாந்திலிருந்து கரி வெட்ட வந்தவர். இவரும் அருகிலுள்ள எல்லிங்டன் சுரங்கத்தில் உழைத்தவர். அச்சுரங்கம் கடலுக்கு அடியில் பல மைல் நீண்டு சென்றது. 2005 இல் மூடப்பட்டது. வடகிழக்கு இங்கிலாந்தின் கடைசி ஆழ்சுரங்கம் அதுவே. மனைவி இறந்து இரண்டாண்டு ஆயிற்றாம். அவர்கள் மணமுடித்த சிற்றாலயம் மூடப்பட்டுவிட்டது. பக்கத்து ஊரில் திருப்பலி உண்டு. ஞாயிறன்று அவ்வேளைக்குப் பேருந்து இல்லை.

"மகள் வருவாள், சுவாமி. காரில் வருவாள். கடையில் வாங்கியதை வைப்பாள். நேரமாயிற்று என்று போய்விடுவாள். நல்ல பெண்; அவளுக்கும் ஆயிரம் வேலை" என்றார். சற்று நேரம் கடலைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்: "கடலுக்குக் கீழே நாங்கள் வேலை செய்தபோது, இருளில் எவனும் எவனையும் பேசாமல் கடந்து போனதில்லை. விளக்கொளி தெரிந்ததும் பெயர் சொல்லி அழைப்பான். மேலே வந்தபின்தான் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போகிறோம்."

மனைவிக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணியேனும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொன்னோம். ஜூன் மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மங்குவதில்லை. பத்து மணி ஐம்பது மணியாயிற்று. நாம் தங்கவேண்டிய விடுதிக்குத் தாமதமாகவே சென்றோம். நான்கு நாள் பயணத்தில் நாம் ஆற்றிய குருத்துவப் பணி இது ஒன்றே. வேகமாகச் சென்றிருந்தால் இதுவும் நிகழ்ந்திராது.

மூடுபனியும் கருவாட்டு மணமும்

மறுநாள் டுருரிட்ஜ் விரிகுடா. பத்துக் கிலோமீட்டருக்கும் மேலாக நீண்ட வெறும் மணற்கரை. இரண்டாம் உலகப் போரின்போது பகைவர் கவச வண்டிகளைத் தடுக்கவென்று வார்த்துவைத்த காங்கிரீட் கட்டிகள் இன்றும் மணலில் புதைந்து கிடக்கின்றன. முற்பகலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே கடலிலிருந்து வெண்திரை ஒன்று எழுந்து வந்து எம்மைச் சூழ்ந்தது. வெம்மையான ஈரக்காற்று குளிர்ந்த கடலின்மேல் தவழ்ந்து வரும்போது இப்பனி பிறக்கிறது. 'பிரெட்' என்பர் அவ்வூரார். முன்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மணியை அடித்தவாறு நடந்தோம். மணியோசை கேட்டு, நாயுடன் உலவிய மூதாட்டி ஒருவர் பனிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். 'பெட்' என்று நம்மை விளித்தார். நம் ஊர்க் கிழவியர் முன்பின் அறியாதாரையும் 'கண்ணு' என்பதுபோன்ற சொல் அது. பாதை தார்ச்சாலையில் ஏறும் இடம்வரை உடன் நடந்து வந்து, எம்மை வழியில் சேர்த்த பின்பே திரும்பினார்.

பனி விலகியபோது ஆம்பிள் துறைக்கு எதிரே கோக்கெட் தீவு தெரிந்தது. 684 ஆம் ஆண்டில் துறவி கத்பெர்ட்டை எல்பிளெடா என்னும் மடத்தலைவி சந்தித்து உரையாடிய இடம் அது. இன்று அங்கே மனிதர் இறங்க அனுமதி இல்லை; அரிய ஆலாப் பறவைகள் முட்டையிடும் காப்பிடம். அங்கிருந்து வார்க்வொர்த் கோட்டை, ஆல்ன்மவுத், போல்மர் வழியாகக் கிராஸ்டர் என்னும் சிறு துறைக்கு மாலையில் சென்றோம். ஊர் தெரியும் முன்பே மணம் வந்தது. ஹெர்ரிங் மீனை முதுகுவழி பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, ஓக் மரத்தூளின் புகையில் மணிக்கணக்கில் தொங்கவிடுகின்றனர். 'கிப்பர்' என்பது அதன் பெயர். நம் கரையோரத்தில் வெயில் செய்வதை அங்கே புகை செய்கிறது. வெயிலை நம்பி மீன் காயவைக்க அந்நாட்டில் வழி இல்லை. ரொட்டியும் கிப்பருமாக உண்ட அவ்விரவு உணவின் சுவை இன்னும் நினைவிலுண்டு.

பாம்பரோவின் இரு நினைவுகள்

மூன்றாம் நாள், 1313 இல் கட்டத் தொடங்கிப் பின் பாழடைந்த டன்ஸ்டன்பரோ கோட்டையைப் பார்த்தவாறு சென்று, சீஹவுசஸ் துறையை அடைந்தோம். கடலுக்குள் பார்ன் தீவுகள் தெரிந்தன. கத்பெர்ட் தனிவாழ்வு வாழ்ந்து 687 மார்ச் 20 இல் உயிர் நீத்த இடம் அத்தீவுகளுள் ஒன்று. அங்கே கூடு கட்டும் ஒருவகை வாத்துக்கு அவ்வட்டார மக்கள் இன்றும் அவர் பெயரையே செல்லமாகச் சுருக்கி வழங்குகின்றனர்.

அப்பால் பாம்பரோ. பெரும் பாறைமேல் நிற்கும் கோட்டை ஊருக்கு மூன்று மைல் முன்பே கண்ணைப் பறிக்கும். ஓஸ்வால்டு அரசரின் தலைநகர் அது. அயர்லாந்துத் துறவியரிடம் அடைக்கலம் புகுந்து ஞானஸ்நானம் பெற்ற அவர், தம் மக்களுக்கு நற்செய்தி உரைக்க ஐயோனா மடத்திலிருந்து குரு ஒருவரை வேண்டினார். முதலில் வந்தவர் கடுமையானவர்; இம்மக்கள் திருந்தார் என்று சலித்துத் திரும்பினார். குழந்தைக்குப் பால் ஊட்டுவதுபோல் எளியவற்றை முதலில் தந்திருக்கலாமே என்று அவையில் மெல்லக் கூறியவர் எய்டன். அவரையே ஆயராக்கி 635 இல் அனுப்பினர். அவருக்கு ஆங்கிலம் சரியாக வாராது. அவர் ஐரிஷ் மொழியில் பேச, அரசரே நின்று மொழிபெயர்த்தார்.

இதைப் படிக்கையில் 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் நம் நினைவுக்கு வருகிறார். அவரும் தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்தவர்களை வைத்து மன்றாட்டுகளைத் தமிழில் ஆக்கி மனனம் செய்தார். மணியைக் கையில் ஏந்தி ஊர் ஊராக நடந்தார். மொழி குறைந்தவர்க்கு, உடன் நடப்பதே முதல் மொழி.

எய்டனைப் போல் நடப்போர் கண்ணுக்கு எவரும் தப்புவதில்லை. வழியில் காண்பவர் செல்வரோ ஏழையோ, நின்று பேசுவார். உடன் செல்வோர் சங்கீதங்களை ஓதிக்கொண்டே நடப்பர். கிடைத்த காணிக்கையைக் கொண்டு அடிமைகளாக விற்கப்பட்டோரை மீட்டார். அவர்களுள் சிலரைக் குருக்களாகவும் ஆக்கினார். அவர் பாம்பரோ ஆலயத்தின் மேற்குச் சுவரை ஒட்டிய கூடாரத்தில், வெளிப்புறத் தாங்குமரத்தில் சாய்ந்தவாறு, 651 ஆகஸ்டு 31 ஆம் நாள் இறந்தார். இருமுறை தீயில் ஆலயம் எரிந்தும் அம்மரம் எரியவில்லை என்பது மரபு. ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே கூரையில் காணும் உத்தரமே அது என்று காட்டுகின்றனர்.

அதே ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் கிரேஸ் டார்லிங் என்னும் பெண்ணின் நினைவுச் சின்னம் இருக்கிறது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள். 1838 செப்டம்பர் 7 ஆம் நாள் விடியலில், புயலில் சிக்கிய 'பார்பர்ஷயர்' என்னும் நீராவிக் கப்பல் உடைந்து கிடக்கும் பாறையில் ஆள் அசைவதைச் சாளரத்தின் வழியே கண்டவள் அவளே. தந்தையும் மகளுமாகத் துடுப்புப் படகில் சென்று ஐவரை அழைத்துவந்தனர். தந்தை மீண்டும் சென்று எஞ்சிய நால்வரையும் மீட்டார். அவள் 26 வயதில் காசநோயால் இறந்தாள். கப்பலின் அருகே சென்றது படகுதான். ஆனால் முதலில் வேண்டியிருந்தது, சாளரத்தில் நின்று பார்த்த கண்.

அலையின் கட்டளை

நான்காம் நாள் பீல் என்னும் இடத்துக்கு வந்தபோது சாலை கடலுக்குள் மறைந்து கிடந்தது. லிண்டிஸ்பார்ன் தீவுக்குச் செல்லும் அச்சாலை நாளுக்கு இருமுறை நீரில் மூழ்கும். கடக்கத் தகுந்த நேரங்களைப் பலகையில் எழுதி வைத்திருக்கின்றனர். அதை மதியாது காரோட்டிச் சிக்குவோர் ஆண்டுதோறும் உண்டு. அவர்களுக்கென்று உயர்ந்த கால்களின்மேல் காப்புக் கூண்டு ஒன்றும் கட்டியிருக்கின்றனர். கரையில் அமர்ந்து இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். எமக்குப் பின்னே வந்த கார்களும் காத்திருந்தன. அலையின் முன் குதிரையும் காரும் மிதிவண்டியும் ஒன்றே.

நீர் வடிந்ததும் ஈரச் சாலையில் மிதித்துச் சென்றோம். அருகே மணலில், பழைய யாத்திரை வழியைக் காட்டும் கம்பங்கள் வரிசையாக நின்றன. 1954 இல் இச்சாலை வரும் முன்பு மக்கள் அவ்வழியே நடந்தனர். எய்டன் இத்தீவைத் தேர்ந்துகொண்டதன் காரணம் அப்போது விளங்கிற்று. அலை ஏறுகையில் இறைவனோடு தனித்திருக்கலாம். இறங்குகையில் மக்களிடம் நடந்து செல்லலாம். தனிமையும் பணியும் இங்கே கடலின் மணிப்படி மாறி மாறி வருகின்றன.

793 ஜூன் 8 ஆம் நாள் கடற்கொள்ளையர் இம்மடத்தைச் சூறையாடினர். 875 இல் துறவியர் தீவைவிட்டு நீங்கியபோது கத்பெர்ட்டின் உடலைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தனர். பல்லாண்டு அலைந்தபின் 995 இல் அவ்வுடல் டர்ஹாமில் அமர்ந்தது. இத்தீவில் ஆயர் எட்பிரித் எழுதிய எழில்மிகு நற்செய்தி நூல் இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உளது. பின்னாளில் கட்டிய மடமும் 1537 இல் மூடப்பட்டு இடிந்துபோயிற்று. கட்டியவை அழிந்தன, சுமந்து நடந்தவை நிலைத்தன.

இடிபாட்டின் அருகே, கையில் தீப்பந்தம் ஏந்திய எய்டனின் சிலை ஒன்று நிற்கிறது. 1958 இல் செதுக்கியது. அதன் காலடியில் மாலைச் செபத்தைச் சொன்னோம்.

வாசக அன்பர்களே, பத்துக் கிளையூர்களைக் கொண்ட பங்கில் குருவானவர் நடந்தே செல்ல வேண்டும் என்று நாம் கூறவில்லை. தேவை நேர்ந்தபோது எய்டனும் குதிரை ஏறினார் என்று பீட் எழுதுகிறார். ஆண்டவர் கூறிய உவமையில், அடிபட்டுக் கிடந்தவனை விலகிச் சென்றோருள் ஒருவர் குரு என்பதை நம் போன்றோர் மறத்தல் ஆகாது. அதே உவமையில் நல்ல சமாரியனுக்கும் வாகனம் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அவன் இறங்கினான், இறங்கிய இடத்தில் அடிபட்டவனை ஏற்றினான். வாகனம் குற்றமன்று, இறங்காமையே குற்றம்.

நம் பங்குகளிலும் பிள்ளைகள் வெளிநாட்டிலும் நகரங்களிலும் இருக்க, தனித்து வாழும் முதியோர் பெருகி வருகின்றனர். திங்கள்தோறும் பணம் வருகிறது, தொலைபேசியில் குரல் வருகிறது, ஆள் வருவதில்லை. அவர்களுடைய தெரு வழியே நாம் வாரம் பலமுறை வண்டியில் செல்கிறோம். இம்மாதம் ஒருநாள் மாலையில், வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு, அத்தெருவில் நடந்து செல்லுங்கள். வாயிலில் விளக்கு தெரிந்தால் நின்று, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லி அழையுங்கள்.